அண்ணன் மாட்டிய டர்போ

அண்ணனுடையது பழைய டீசல் கார். ஒருமுறை ஏற்காட்டு மலைப்பாதையில் அது ஏற முடியாமல் திணறியதால் நானும் அண்ணியும் இறங்கி அதன் பின்னாலேயே நடந்து போனோம். எங்களைத் தாண்டிப் போன பஸ்ஸிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். அண்ணி அதை எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார். அண்ணன் ஒருபோதும் சிரித்ததில்லை. கல்லூரி ஆய்வுக்கூட வேலையை, ஓய்வுபெறக் காலம் இருக்கும்போதே விட்டுவிட்டு வந்த வருஷம், "வண்டிக்கு டர்போ மாட்டப் போறேன்" என்றார்.

நான் அப்போது கணவரைப் பிரிந்து வந்து, மர்பி டவுனில் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தேன். வார நாட்களில் தொம்மலூரில் அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நான்தான் அவருக்கு எடுபிடி.

டர்போவை சிவாஜி நகரில் பழைய வண்டிச் சாமான் விற்கும் குஜிரிக் கடையில் வாங்கினோம். நத்தை ஓடு மாதிரி இரும்பில் ஒரு சாமான். இன்ஜின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் அது சுழன்று, கூடுதல் காற்றை உள்ளே திணிக்கும், வண்டிக்கு இழுவை வரும் என்று அண்ணன் விளக்கினார்.

"ஆக்ஸிடென்ட் வண்டிது ண்ணா. முன்னாடி எல்லாம் நசுங்கிப் போச்சு, இதுக்கு ஒண்ணும் ஆவல" என்றார் கடைக்காரர்.

"உள்ள இருந்தவங்க?" என்று கேட்டேன்.

அவர் அதைச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தார். அண்ணன் அதை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார். ஆட்டிப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார்.

வேலை மழைக்காலம் முழுக்க இழுத்தது. துருப்பிடித்த போல்ட்டுகள் ஒவ்வொன்றும் அடம் பிடித்தன. அண்ணன் ஸ்பேனரை என்னிடம் நீட்டுவார். "பாப்பா, இது பதிமூணா, பதினாலா?"

"கண்ணாடியப் போட்டுக்கங்க ண்ணா."

"கிரீஸ் ஆயிடும்."

ஒருநாள் ஒரு நட்டைக் கீழே வைத்துவிட்டுத் தேடினார். வெள்ளை சிமென்ட் தரையில், அவர் முழங்காலுக்கு முன்னாலேயே அது கறுப்பாகக் கிடந்தது. அவர் கை அதைச் சுற்றிச் சுற்றித் துழாவியது. நான் எடுத்துக் கொடுத்தேன்.

"கண்ணு தெரியலையா ண்ணா?"

"வெயில்ல இப்படித்தான் ஆவுது."

வெயிலே இல்லை. காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. அடுத்த போல்ட்டைக் கேட்டு அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

டர்போவுக்கு எண்ணெய் ஓயாமல் போய்வர வேண்டும். மேலே கொண்டுவரும் சின்னக் குழாயை நாங்கள் இருவரும் சேர்ந்து மாட்டினோம். எண்ணெய் திரும்பி இறங்கும் ரப்பர் குழாயை, நானும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வண்டிக்கு அடியில் படுத்து அவரே மாட்டி முடித்திருந்தார்.

வண்டியை ஸ்டார்ட் செய்த ஞாயிறு அன்று அண்ணன் சுவரோரம் ஒரு பலகையைச் சாய்த்து வைத்தார். "டீசல் இன்ஜினுக்குள்ள எண்ணெய் போயிட்டா, அதையே எரிச்சிக்கிட்டு, சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காம ஓடும். அப்போ இத வச்சிக் காத்த அடைக்கணும். ஒண்ணும் ஆவாது, சும்மா சொல்றேன்." ஏர் ஃபில்டர் இன்னும் மாட்டவில்லை. டர்போவின் வாய் திறந்தே இருந்தது; உள்ளே சக்கரம் தெரிந்தது. நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதன் மேல் மெல்லிய விசில் ஒன்று எழுந்தது. அண்ணன் சிரித்தார். அண்ணி ஈரக் கையோடு வாசலுக்கு வந்து, "பரவாயில்லையே!" என்றார்.

அந்த விசில் ஏறிக்கொண்டே போனது. என் கால் ஆக்ஸிலேட்டரில் இல்லை. சத்தம் அலறலாக மாறியது. சாவியைத் திருப்பி உருவியே விட்டேன். நிற்கவில்லை. வெள்ளைப் புகை வாசலை மூடியது. எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "ஆஃப் மாடி! ஆஃப் மாடி!" என்று அணைக்கச் சொல்லிக் கன்னடத்தில் கத்தினார். புகைக்கு நடுவே அண்ணன் சுவரைத் தடவிக்கொண்டிருப்பது தெரிந்தது. பலகை அவருக்கு இடப்பக்கம், கை எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் வலப்பக்கமே தடவிக்கொண்டிருந்தார்.

"இடது பக்கம்! இடது பக்கம் ண்ணா!"

என் குரல் எனக்கே கேட்கவில்லை. காரின் கதவு சுவரில் இடித்துப் பாதிதான் திறந்தது. நான் உடம்பை நுழைத்து வெளியே வருவதற்குள் அவர் வண்டிக்குத் திரும்பியிருந்தார். குனிந்து, டர்போவின் வாயைக் கையாலேயே பொத்தினார்.

இன்ஜின் இருமி, குலுங்கி, அடங்கியது.

"நின்னுடிச்சா?" என்று கேட்டார். கையை அங்கிருந்து எடுக்காமல் கேட்டார். ரத்தம் சொட்ட ஆரம்பித்த பிறகுதான் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் காப்பாற்ற முடியவில்லை. சர்க்கரை இருந்ததால் புண் ஆறாமல், பிறகு மோதிர விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. முதல் நாளே ஓர் இளம் டாக்டர், அண்ணன் முகத்துக்கு இடப்பக்கம் தன் கையை அசைத்துப் பார்த்தார். அண்ணன் திரும்பவில்லை.

"இடது கண்ணு எப்போலேர்ந்து தெரியல, சார்?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"வலது?"

"ஓரத்துல தெரியும். நடுவுல ஒரு கறுப்பு நிக்குது."

ஆய்வுக்கூடத்தில் புட்டிகளின் மேல் இருந்த எழுத்தைப் படிக்க முடியாமல்தான் வேலையை விட்டிருக்கிறார். அதை எங்கள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. அண்ணி கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார். பள்ளி ஆசிரியை, குரலை உயர்த்தத் தெரிந்தவர். அன்று மெதுவாகத்தான் கேட்டார்.

"இந்தக் கண்ண வச்சிக்கிட்டா டெய்லி என்னை ஸ்கூல்ல கொண்டு விட்டீங்க?"

"ரோடு பழகிடிச்சி."

"சிக்னல்?"

"முன்னாடி வண்டி நின்னா நிப்பேன்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா சாவிய வாங்கிக்குவீங்க." பிறகு, "முழுசா போறதுக்குள்ள அந்த மலைய ஒருக்கா ஏறிடணும்னு இருந்தேன்" என்றார்.

"யார் யாரு போறதா இருந்தோம்?" என்று அண்ணி கேட்டார். மூன்று பேரும் போவதாகத்தான் அண்ணன் மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், அந்த ரப்பர் குழாய் ஓரிடத்தில் மடிந்து அடைத்துக்கொண்டிருப்பதைக் காட்டினார். இறங்க வழியில்லாத எண்ணெய் டர்போவில் தேங்கி, காற்றோடு இன்ஜினுக்குள் போயிருக்கிறது. விவரத்தை அண்ணனிடம் சொன்னேன். "கையால தடவிப் பாத்தேனே" என்றார். பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. வண்டி பழைய இரும்புக்குப் போனது.

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அண்ணி அவரோடு பேசவில்லை. தினமும் கட்டுப் பிரித்து மருந்து வைத்தார். சோற்றைப் பிசைந்து, இடது கையில் ஸ்பூனைக் கொடுத்தார். பஸ் பிடித்துப் பள்ளிக்குப் போய்வந்தார். அண்ணனும் தன்பாட்டுக்குப் பேசிப் பார்த்து ஓய்ந்துவிட்டார். வீட்டில் என் குரல் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவே போய்வந்தது.

வலது கண்ணுக்கு ஊசி போட்டு, லேசர் வைத்து, ஓரத்துப் பார்வையை ஓரளவு நிறுத்தி வைத்தார்கள். இனி அவ்வளவுதான் என்றார்கள். முதல் ஊசி போட்டு வந்த மாலை, அண்ணி அவர் தாடையைப் பிடித்து நிமிர்த்தி, சொட்டு மருந்தை உயரத்தில் வைத்துக்கொண்டு, "மேல பாருங்க" என்றார்.

"எங்க?" என்றார் அண்ணன்.

"மேல. என் குரல் வர்ற பக்கம்."