ஷாஃப்டில் சுற்றிய நார்

என்னோடு நான்கு வருடம் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்த ஒருவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அவனுக்கு நான் செய்ததை என் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சேரன்மகாதேவி பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய்வந்தேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் மீடியம். முதல் மாதம் வகுப்பில் சார் 'டார்க், டார்க்' என்று சொல்லிக்கொண்டே போக, நான் நோட்டில் 'இருட்டு' என்று எழுதி வைத்திருந்தேன். அது பள்ளியில் படித்த திருப்பு விசைதான் என்று பிறகுதான் பிடிபட்டது. அதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அவன்தான் முதலில் சிரித்தான்.

எனக்கு வந்தது டிராயிங். ஒரு பொருளை மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும், பக்கவாட்டில் எப்படி, நடுவில் வெட்டினால் உள்ளே என்ன தெரியும் என்று வரைய வேண்டும். பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நிற்கும்போது டிரைவர் பக்கத்து கியர் பெட்டியை மனதுக்குள் வெட்டி வெட்டிப் பார்ப்பேன். வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பாடத்தில் அரியர் வைத்தார்கள். நான் தொண்ணூற்றாறு வாங்கினேன்.

கடைசி வருடம் புராஜெக்டுக்கு நான்கு நான்கு பேராகப் பிரித்தார்கள். எங்கள் குழுவில் மூன்று பையன்களும் நானும். அவன் தலைவன். பாளையங்கோட்டையில் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன், மேடை ஏறினால் தங்குதடையில்லாமல் பேசுவான். அது போதுமானதாக இருந்தது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்தான் வாழைநார் மெஷின் என்று சொன்னேன். என் அப்பா வாழைத்தார் வெட்டும் வேலைக்குப் போகிறவர். தார் வெட்டியபிறகு மரத்தை அப்படியே சாய்த்து வரப்பில் அழுகப் போட்டுவிடுவார்கள். அந்தப் பட்டையை உரித்துக் கொடுத்தால் சதையை வழித்துத் தள்ளி நாரை மட்டும் தருகிற சின்ன மெஷின். சுழலும் உருளை ஒன்று, அதில் மழுங்கிய தகடுகள், எதிரே ஒரு தாங்கு பலகை. அவ்வளவுதான்.

வரைந்தது நான். கடைசல் வேலைக்குப் பேட்டையிலுள்ள லேத் பட்டறைகளுக்கு அலைந்தது நான். மத்தியானம் மத்தியானமாகக் கல்லூரிப் பட்டறையில் ஓட்டிப் பார்த்ததும் நான்தான். அவன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "வாழைச்சாறு தெறிக்குது, சட்டையில கறை பட்டா போகாது" என்று போய்விட்டான். மற்ற இருவரும் அவன் பின்னால் போனார்கள்.

பத்து நிமிடம் ஓட்டினால் மெஷின் அழகாக ஓடும். ஒரு மணி நேரம் தாண்டினால் சத்தம் மாறும். பிரித்துப் பார்த்தால் தலைமுடி மாதிரி மெல்லிய நார், உருளையைச் சுழற்றும் ஷாஃப்டின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி, அதைத் தாங்கும் பேரிங்குக்குள் ஏறியிருக்கும். உள்ளே இருக்கிற கிரீஸை அது இழுத்து வெளியே கொண்டுவந்துவிடும். காய்ந்த பேரிங் சூடாகி இறுகிவிடும். மூன்று பேரிங் இப்படிப் போனபிறகு, டம்ளரைக் கவிழ்த்த மாதிரி ஒரு காலர் கடைந்து ஷாஃப்டின் இரண்டு ஓரத்திலும் மாட்டினேன். ஐந்து மணி நேரம் ஓட்டினேன். ஒரு இழை ஏறவில்லை. காது கிண்ணென்று இரைய, கையெல்லாம் பிசுபிசுப்போடு பட்டறை நடுவில் உட்கார்ந்து சிரித்தேன். பார்க்க யாரும் இல்லை.

பிரசெண்டேஷனுக்கு முதல்நாள் அவன் வந்து, "நீ பேச வேண்டாம். உனக்கு இங்கிலீஷ் திக்கும், மார்க் போயிரும். வார சார்மாருக்கு டீ குடுக்கிறதைப் பாத்துக்கோ" என்றான்.

குடுத்தேன். தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவன், வாழைத்தோட்டத்தில் நடந்துபோகையில் தனக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு என்ன செஞ்சுது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான்: "டைப்பிங், சார். ரிப்போர்ட் டைப்பிங்."

அன்றைக்கு அப்பா வந்திருந்தார். வேலைக்கு லீவு போட்டு, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு ஹாலின் கடைசியில் நின்றிருந்தார். அவன் பேசியது இங்கிலீஷில். ஆனாலும் எந்தப் பக்கம் கைதட்டினார்கள் என்று அவருக்குப் புரிந்தது. பஸ்ஸில் வரும்போது கேட்டார், "ஏட்டி, நீதான செஞ்சே? அந்தப் பய அவன் செஞ்ச மாதிரில்லா சொல்லுதான்?"

"குழுவா செஞ்சோம்ப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பொய்யை என்னைச் சொல்ல வைத்ததற்குத்தான் நான் அவனை முதலில் வெறுத்தேன்.

ஒரு வாரம் கழித்து அவன் என்னிடம் பென்டிரைவ் நீட்டினான். "கடைசி டிராயிங் எல்லாம் இதுல போட்டுத் தா. நான் கம்பெனி ஆரம்பிக்கப் போறேன்."

"எங்க பேரு வருமா?"

சிரித்தான். "உன் பேரைப் போட்டா யாரு வாங்குவா?"

கம்ப்யூட்டரில் இரண்டு ஃபோல்டர் இருந்தன. காலர் இல்லாத பழையது, காலர் உள்ள புதியது. பழையதை எடுத்து அதற்குக் 'கடைசி' என்று பெயர் மாற்றிப் போட்டுக் கொடுத்தேன். பிறகு பட்டறைக்குப் போய், எங்கள் மெஷினின் இரண்டு காலரையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒருநாளாவது மெஷின் பக்கம் நின்றவனுக்கு அங்கே ஏதோ குறைகிறது என்று தெரிந்திருக்கும். அவனுக்குத் தெரியவில்லை.

எனக்குப் பேட்டை இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. இன்ஜினியர் என்று பெயர். காலையில் டிராயிங், மத்தியானம் வெர்னியர் அளவுகோலோடு ஒவ்வொரு பீஸாக அளந்து பார்ப்பது, சாயங்காலம் ஆர்டர் கொடுத்தவர்களோடு போனில் மல்லுக்கட்டுவது. ஒரு முடியளவு கூடக் கடைந்துவிட்டால் ஒருநாள் உழைப்பு பழைய இரும்பாகிவிடும். அதைக் கடைந்தவரிடம் போய்ச் சொல்வதும் என் வேலை. என் வயதளவு அனுபவம் உள்ளவர்கள், "ஸ்கேலைச் சரியா பிடிம்மா" என்பார்கள். மூன்று தடவை அளந்து காட்டுவேன். முதலாளி அண்ணாச்சி நல்லவர். சண்டை வந்தால் வெளியே போய் நின்றுகொள்வார்.

அவன் கம்பெனி ஆரம்பித்தது தெரியும். ஆற்றோரக் கிராமங்களில் மகளிர் குழுக்களுக்கு மெஷின் கொடுக்கிறான், 'சொந்தக் கண்டுபிடிப்பு' என்று படத்தோடு நோட்டீஸ் அடித்திருக்கிறான் என்று கூடப் படித்தவர்கள் அனுப்பினார்கள். நான் காத்திருந்தேன்.

இரண்டாவது வருடம் ஒரு காலை நேரம், ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து ஒரு அக்கா கட்டைப்பையில் எதையோ சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். மேஜைமேல் வைத்துத் துணியைப் பிரித்தார். ஷாஃப்ட். என்னுடைய ஷாஃப்ட். நான் எங்கே படி வைப்பேன், எங்கே பள்ளம் வெட்டுவேன் என்று எனக்குத் தெரியாதா? ஓரத்தில் நார் கருகிச் சுற்றியிருந்தது.

"நிறுத்தி நிறுத்தித்தான் ஓட்டுதோம், அப்படியும் மாசத்துக்கு ரெண்டு பேரிங் போகுது தாயீ. என்னன்னே தெரியலை. கொஞ்சம் பாரு."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது மாதிரி இருந்தது. சந்தோஷம்தான், வேறு பெயர் வைக்க மாட்டேன். பேரிங்கை மாற்றிக் கொடுத்து அனுப்பினேன். காலரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதன்பின் அந்த அக்கா வந்துகொண்டே இருந்தார். வேறு ஊர்களிலிருந்தும் வந்தார்கள். அண்ணாச்சி, "எவன் செஞ்ச மெஷினோ, நல்லாருக்கட்டும். நமக்கு வேலை குடுக்கான்லா" என்று சிரிப்பார். ஒவ்வொரு பேரிங்கையும் கழற்றும்போது அவன் பெயர் ஒரு ஊரில் கெடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். எட்டு மாதம் அப்படிப் போயிற்று.

ஒருநாள் அந்த அக்கா ஷாஃப்டை வைத்துவிட்டு நாற்காலியில் உட்காராமல் நின்றார். முகம் வாடியிருந்தது.

"என்னக்கா?"

"கம்பெனிக்காரத் தம்பி வந்துச்சு. மெசின்ல ஒரு குத்தமும் இல்லையாம். படிக்காத பொம்பளைய கையில குடுத்தா இப்படித்தான் ஆவும்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டுது. எங்க குழுவுல மூணு பேரு இனி வரலைன்னுட்டாளுவ. எனக்கே சந்தேகமா இருக்கு தாயீ, நமக்குத்தான் ஓட்டத் தெரியலையோன்னு."

அவன் கெட்டுப்போவான் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனோ பழியைத் தூக்கி இந்த அக்கா தலையில் வைத்துவிட்டு நன்றாகத்தான் இருந்தான். ஹாலில் நான் தட்டைப் பிடித்து நின்ற இடத்தில் இப்போது இவரை நிறுத்தியிருந்தான்.

மறுவாரம் அவர்கள் ஊருக்கு மகளிர் திட்ட அதிகாரி வருகிறார், அவர் பார்த்துச் சரி என்றால் அவனுக்கு இன்னும் நிறைய மெஷினுக்கு ஆர்டர் என்று தெரிந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் இரண்டு காலர் கடைந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். குழுவிடம் இரண்டு மெஷின் இருந்தன. ஒன்றில் மட்டும் இரண்டு காலரையும் மாட்டினேன். அக்காவிடம் சொன்னேன், "அன்னைக்கு ரெண்டையும் ஓட்டுங்க. நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க."

அன்று நானும் போய் ஷெட்டுக்குள் பெண்களோடு பட்டை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வெள்ளைச் சட்டையில் வந்தான். என்னைக் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் ஓட்டிக் காட்டிவிட்டு, "பார்த்தாச்சுல்ல சார், கிளம்பலாம்" என்றான்.

"இன்னுங் கொஞ்சம் ஓடட்டும் சார். டீ போட்டிருக்கு, குடிச்சிட்டுப் போங்க" என்றார் அக்கா. அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் தாண்டியதும் வலது பக்க மெஷினின் சத்தம் மாறியது. கருகல் வாடை வந்தது. பிறகு முனகிக்கொண்டு நின்றது. இடது பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஓட்டுறதுல தப்பு, சார். இவங்களுக்கு எத்தனை தடவை சொன்னாலும்..." என்று ஆரம்பித்தான்.

நான் எழுந்து முன்னால் வந்தேன். நான்கு வருடம் நீ, வா, போ என்று பேசியவனை அன்று சார் என்று கூப்பிட்டேன். "சார், நார் பேரிங்குக்குள்ள ஏறாம இருக்க உங்க டிசைன்ல என்ன வச்சிருக்கீங்க?"

அவன் முகம் போன போக்கை நான் இன்றும் வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வேன். நின்ற மெஷினைப் பார்த்தான், ஓடுகிற மெஷினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கடைசியில் கத்தினான். "நீ குடுத்த டிராயிங்தானே இது! வேணும்னே தப்பாக் குடுத்திருக்கே!"

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ இது உங்க டிசைன் இல்லையா?"

எந்தக் கேள்விக்கும் மேடையில் தடுமாறாதவன், வாழைச்சாறு காய்ந்த சிமெண்டுத் தரையில் வாயடைத்து நின்றான். அந்த ஆர்டர் போயிற்று. ஒரு வருடத்துக்குள் கம்பெனியும் போயிற்று.

அவர்கள் கிளம்பியபின் பெண்கள் ஓடிய மெஷினைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தம்பி சொன்னது நெசமா? நீதான் வரைஞ்சியா?"

"ஆமாக்கா."

"அப்ப நான் மொதல்ல கொண்டாந்த அன்னைக்கே உனக்குத் தெரியும்."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "தெரியும்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "எட்டு மாசம். பஸ்சுல இரும்பைச் சொமந்துட்டு எட்டு மாசம் வந்திருக்கேன். உனக்கும் அவனுக்கும் உள்ள வழக்குக்கு நாங்களா கெடைச்சோம்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. நின்றுபோன மெஷினில் சுற்றிய நாரைக் கத்தியால் அறுக்கக் குனிந்துவிட்டார். நானும் குனியப்போனேன். "நீ போ தாயீ, நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார்.

அதன்பின் மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஊர் ஊராகப் போய், கொடுத்த மெஷின் எல்லாவற்றுக்கும் காலர் மாட்டினேன். அண்ணாச்சி, "நம்ம வேலையை நீயே கெடுக்கியேம்மா" என்றார். ஆனால் லேத்தில் நான் காலர் கடைவதைத் தடுக்கவில்லை. அந்த அக்கா குழுவின் இரண்டாவது மெஷினுக்கு நான் மாட்டப் போனபோது அவர் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு எங்கோ போயிருந்தார். பிறகு எங்கள் பட்டறைக்கு அவர் வரவேயில்லை. வண்ணார்பேட்டையில் ஒருமுறை பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். நலமா என்று கேட்டேன். நலம் என்றார். பஸ் வரும் வரை இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அந்த எட்டு மாதத்தை இன்னொரு தடவை கொடுத்தால் முதல்நாளே சொல்லிவிடுவேன், அவருக்காக. பென்டிரைவை இன்னொரு தடவை நீட்டினால் அதே பழைய ஃபோல்டரைத்தான் போட்டுக் கொடுப்பேன்.

போன ஆவணியில் கூடப் படித்த ஒருத்தியின் கல்யாணத்துக்கு அவனும் வந்திருந்தான். கோயம்புத்தூரில் ஏதோ கம்பெனியில் விற்பனை வேலையாம், மெலிந்திருந்தான். பந்தியில் எனக்கு நேர் எதிர் வரிசையில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். என்னைப் பார்த்தான். சாம்பார் வருவதற்குள் போன் வந்த மாதிரி எழுந்து வெளியே போனான், திரும்பி வரவில்லை. நான் பாயசத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி, நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.