மினுங்குது

லண்டனில் இருக்கும் என் கணவரிடம் போய்ச் சேர நான் ஓர் ஆங்கிலச் சோதனை பாஸாக வேண்டியிருந்தது. பெரிய சோதனை இல்லை. ஒரு பெண்மணியோடு கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பேச வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி மூன்று வருடம். அதில் நாங்கள் ஒன்றாக இருந்தது ஒன்றரை மாதம்.

செங்கலடியில் ஒரு டியூஷன் சேரிடம் போனேன். என்னைவிட இளையவர். "உங்கட ஊரப் பத்திக் கேப்பாங்க அக்கா. வாவி மினுங்குறதச் சொல்லுங்க, புள்ளி கூடும்" என்று ஆறு சொற்களைத் தாளில் எழுதித் தந்தார். கிளிட்டர், கிளிம்மர், கிளீம், கிளிசன், ஷிம்மர், குளோ.

"எல்லாம் மினுங்குறதுதானே சேர்?"

"நாம மினுங்குது எண்டு சொல்லிட்டுப் போயிருவம். அவங்க எது மினுங்குது, ஏன் மினுங்குது எண்டு பாப்பாங்க."

எனக்கு எரிச்சல் வந்தது. மினுங்குவதற்கும் விசாரணையா? ஆனாலும் தாளோடு வீட்டைச் சுற்றினேன். தேய்த்த செம்பு கிளீம். கூறைச் சேலையின் சரிகை கிளிட்டர். அடுப்புத் தணல் குளோ. தூரத்துத் தோணியின் விளக்கு கிளிம்மர். காற்றில் அசையும் வாவித் தண்ணீர் ஷிம்மர். கிளிசன்தான் மண்டையில் ஏறவில்லை. "நனஞ்சதுக்குத்தான் அக்கா அது" என்றார் சேர். அதன்பிறகு பிடிபட்டது. வீட்டில் பேச ஆளில்லாததால் கழுவிவைத்த மீனிடமே சொல்லிப் பார்த்தேன்: "யூ கிளிசன்." அது வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

சோதனை கொழும்பில். அந்தப் பெண்மணி சிரித்த முகத்தோடுதான் இருந்தார். ஆனால் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டில் யாருடன் இருக்கிறீர்கள் என்று கேட்டார். கேள்வி விளங்கியது. பதிலும் தெரியும், 'அலோன்' ஒரு சின்னச் சொல். அம்மாவும் அப்பாவும் இறந்தபிறகு அந்த வீட்டில் நான் மட்டும்தான். ஆனால் தனியாக இருக்கிறேன் என்று தமிழில்கூட நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. அவர் திரும்பவும் கேட்டார். பதற்றத்தில், "த வோட்டர் ஷிம்மர்ஸ்" என்றேன். பிறகு அவர் எதைக் கேட்டாலும் எனக்கு வாவிதான் வந்தது.

பெறுபேறு ஒரு வெள்ளிக்கிழமை காலை போனுக்கு வந்தது. ஃபெயில். திரும்பச் செய்யலாம் என்றும் போட்டிருந்தது. இன்னொரு தடவை காத்திருக்க வேண்டும் என்பதை நினைத்ததும் அழுதுவிட்டேன். முகத்தைக் கழுவக்கூட எழும்பவில்லை.

மத்தியானம் கணவர் வீடியோவில் வந்தார். அங்கே அப்போது காலை, வேலைக்குப் போகுமுன் எடுப்பது வழக்கம். நான் வாய் திறக்குமுன், போனைத் திருப்பி அறையைக் காட்டினார். "இஞ்ச பாரு, பெரிய கட்டிலா வாங்கிப் போட்டிட்டன்." பிறகு தன் முகத்துக்குத் திருப்பி என்னை உற்றுப் பார்த்தார்.

"கண்ணெல்லாம் மினுங்குது. பாஸ்தானே புள்ள?"

"இல்லங்க," என்றேன். "இது கிளிசன்."

லண்டனில் ஏழு வருடம் இருந்தும் அவருக்கு அந்தச் சொல் தெரியவில்லை.

"அப்பிடியெண்டா பாஸா?" என்று கேட்டார்.