இல்லாத குடைக்கு ஓர் அறிவிப்பு

அந்த மாலில் எல்லாருக்கும் அவள் மைக்கக்கா. செருப்புக்கடைக்காரர் அவளைவிட ஏழு வயது மூத்தவர், பேரன் பேத்தி எடுத்தவர், அவர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். மானேஜர் மட்டும் ‘அம்மா’ என்பார், அதுவும் ஏதாவது காரியம் ஆக வேண்டியிருந்தால். இருபத்திரண்டு வருஷமாகத் தரைத்தளத்தில், வாசலுக்கு நேரே ஓர் அரைவட்ட மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் மைக்கில் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை காணாமல் போனாலும் கார் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கூரையிலிருந்து வருவது அவள் குரல்தான்.

வீட்டிலும் அந்தக் குரல் அவளை விடவில்லை. அவள் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். சமையலறையிலிருந்து “சாப்பாடு தயார்” என்று அவள் சொன்னால், “இன்னொரு தடவையும் சொல்லிடு, மேல் மாடியில கேட்டிருக்காது” என்பார். அவர்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது.

மால் இருந்தது ஊரின் ஓரத்தில், பஸ் கடைசியாகத் திரும்பி நிற்கிற இடத்தில். கட்டின புதிதில் கொடிகட்டிப் பறந்தது. அறுபத்து நாலு கடை, மேலே சினிமா. சனிக்கிழமை என்றால் நாலு குழந்தைகளாவது தொலையும். அதற்கென்றே அவள் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். மைக்கில் “கவனிக்கவும்” என்று இரண்டு தரம் சொல்லி அடையாளத்தைச் சொன்னால், ஒவ்வொரு கடைக்காரரும் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தன் வாசலுக்கு வந்து நிற்க வேண்டும். பக்கத்துக் கடை வாசல்வரை பார்ப்பது அவர் பொறுப்பு. செக்யூரிட்டிகள் மூன்று கதவையும் சாத்திவிடுவார்கள். “கிடைச்சாச்சு” என்று அவள் சொல்லும்வரை ஒருவரும் நகரக் கூடாது. ஒரு குழந்தைகூடக் கதவைத் தாண்டிப் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, இருக்கட்டுமே.

பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இதைவிடப் பெரிய மால் வந்தது. முதலில் சூப்பர் மார்க்கெட் காலி செய்தது, அடுத்து சினிமா, அப்புறம் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கினார்கள். மேலே போகிற எஸ்கலேட்டர் ஒரு நாள் நின்றது. ரிப்பேர் பார்க்கிறேன் என்று வந்தவர் பார்த்துவிட்டுப் போனார், அவ்வளவுதான். அன்றிலிருந்து அது வெறும் படிக்கட்டு. கடைசியில் மிஞ்சியது ஒன்பது கடை. செருப்பு, மூக்குக்கண்ணாடி, போன் உறை, ஜெராக்ஸ் இப்படி. மத்தியானத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. காலையில் மட்டும் வெயிலுக்கும் மழைக்கும் பயந்து, ஓய்வு பெற்றவர்கள் நாற்பது பேர் உள்ளே வந்து சுற்றிச் சுற்றி நடப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் மானேஜருக்கு மூளை வேலை செய்தது. செய்யாமலே இருந்திருக்கலாம். “இப்படி நிசப்தமா இருந்தா வர்ற ஒண்ணு ரெண்டு பேரும் திரும்பிப் போயிடுவாங்கம்மா. நீங்க பாட்டுக்கு எதையாவது அறிவிச்சுக்கிட்டே இருங்க” என்றார்.

“எதை சார்?”

“ஏதாச்சும். குடை கிடைச்சிருக்குன்னு சொல்லுங்க. காரை நகர்த்துங்கன்னு சொல்லுங்க. கூட்டம் இருக்கற மாதிரி இருக்கணும்.”

முதல் நாள் மைக்கில் இல்லாத குடை ஒன்றைத் தொலைத்தாள். “கவனிக்கவும்” என்று பழக்கத்தில் ஆரம்பித்துவிட்டாள். செக்யூரிட்டிகள் கதவைச் சாத்தி, பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தவழ்ந்து தேடினார்கள். அதில் ஒருவர் ரொம்ப நல்ல மனுஷர். தேடியும் கிடைக்காத வெட்கத்தில் தன் சொந்தக் குடையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். இது சரிப்படாது என்று அன்றைக்கே அவள் ஒரு விதி போட்டாள். நிஜம் என்றால் “கவனிக்கவும்”, பொய் என்றால் “அன்பான வாடிக்கையாளர்களே”. துடைப்பக்கார அம்மா முதல் செருப்புக்கடைக்காரர்வரை எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தாள்.

பொய் என்று இறங்கிய பிறகு அதைச் சப்பென்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை. குடை வளர்ந்தது, கார்களுக்கு நிறமும் எண்ணும் வந்தன. ஒரு தடவை சாப்பாட்டு மேசையில் யாரோ பல் செட்டை மறந்துவிட்டுப் போனதாக அறிவித்தாள். கண்ணாடிக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த லென்ஸ் கீழே விழுந்து உடைந்தது. ஏழு வருஷம் இப்படியே ஓடியது.

சென்ற வருஷம் ஒரு திங்கட்கிழமை மானேஜர் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

“நாளைக்கு ஒரு பார்ட்டி இடம் பார்க்க வர்றாங்க. கீழ்த்தளத்துல பாதியை எடுக்கற யோசனையாம். அவங்களும் வேணாம்னுட்டா ஓனர் இடிச்சுட்டு குடோன் கட்டப் போறாரு. சும்மா பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க, பிளானே போட்டாச்சு.”

மைக்கக்காவுக்கு ஐம்பத்தொரு வயது. குடோனில் யார் மைக்கில் பேசப் போகிறார்கள்?

மானேஜர் சும்மா இருப்பாரா? மூடிப்போன துணிக்கடையின் பழைய பைகளை எடுத்து, காலையில் நடக்க வருகிறவர்கள் கையில் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தார். “பையில என்னங்க போடறது?” என்று ஒருவர் கேட்டார். “காத்துதான் சார், சும்மா புடிச்சுக்கிட்டு நடங்க” என்றார். மைக்கக்காவிடம் ஒரு தாளை நீட்டினார். “பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு விடணும்மா. கலக்கிடணும்.”

வந்தது ஒரே ஒரு பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும், தட்டையான செருப்பு, கையில் சின்ன நோட்டு. கூடவே அவள் அப்பா. எந்தக் கம்பெனி, என்ன வியாபாரம் என்று மானேஜர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. மேசைக்கு எதிரே இருந்த பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு மைக்கக்காவிடம் வந்தாள்.

“அப்பாவைப் பாத்துக்கறவங்க இன்னிக்கு லீவு. அரை மணி நேரம் இங்க இருக்கட்டுமா? அவருக்கு ஞாபகம் சரியா இல்ல, எழுந்து போயிடுவாரு. கொஞ்சம் கண்ணு வெச்சுக்கங்க.”

“நீங்க நிம்மதியா போய்ட்டு வாங்க மேடம். நான் பாத்துக்கறேன்.”

பெரியவர் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருந்தார். இடது கையில் இரண்டு வாட்ச், இரண்டும் வெவ்வேறு மணி காட்டின. அவளைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். அவளும் அசைத்தாள்.

மானேஜரின் தாளில் இருந்த பொய்களில் உப்பும் இல்லை உறைப்பும் இல்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டே போனாள். ஆறாவது அறிவிப்பில் நீலக் குடைக்கு வாத்துத் தலை வைத்த கைப்பிடி கொடுத்தாள். அந்த வாத்துக்கு என்ன நிறத்தில் கண் வைக்கலாம் என்று அவள் யோசித்த நேரத்தில்தான் பெரியவர் எழுந்து போயிருக்க வேண்டும். மைக்கை அணைத்துவிட்டு நிமிர்ந்தால் பெஞ்ச் காலி.

மைக்கை இழுத்தாள்.

“அன்பான வாடிக்கையாளர்களே, சாம்பல் நிற ஸ்வெட்டர் அணிந்த, எண்பது வயது மதிக்கத்தக்க பெரியவர் ஒருவரைக் காணவில்லை. இடது கையில் இரண்டு கைக்கடிகாரங்கள் அணிந்திருப்பார். பார்த்தவர்கள் உடனே தகவல் மேசைக்குத் தெரிவிக்கவும்.”

யாரும் வாசலுக்கு வரவில்லை. எந்தக் கதவும் சாத்தப்படவில்லை. செருப்புக்கடைக்காரர் பெட்டியைத் துடைத்தபடி ரசித்துக் கேட்டாராம். ரெண்டு வாட்ச் என்றதும், இன்றைக்கு அக்கா கற்பனை எங்கேயோ போய்விட்டது என்று நினைத்தாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் ஒரு நிமிஷம் காத்திருந்தாள், இரண்டு நிமிஷம் காத்திருந்தாள். ஏன் ஒருவரும் அசையவில்லை என்று முன்வாசல் செக்யூரிட்டியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் பல்லைக் காட்டிச் சிரித்து, பிரமாதம் என்று கட்டைவிரலை உயர்த்தினார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலையிலிருந்து ஆறு தரம் சொல்லிச் சொல்லி, ஏழாவது தரமும் நாக்கு அதே தடத்தில் போயிருந்தது.

“கவனிக்கவும், கவனிக்கவும்” என்றாள். குரல் உடைந்துவிட்டது. அடையாளத்தை மறுபடி சொன்னாள்.

சொல்லி முடிப்பதற்குள் மூன்று கதவும் சாத்தியாயிற்று. ஒன்பது கடைக்காரர்களும் வாசலில். நடக்க வந்தவர்கள்கூடக் காற்றுப் பைகளைக் கீழே போட்டுவிட்டு, காலியான கடைகளின் முன்னால் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை. முதல் அறிவிப்பிலேயே மேல் தளத்தின் கோடியிலிருந்து கிளம்பிய மகள், நின்றுபோன எஸ்கலேட்டரில் தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள்.

கண்டுபிடித்தது துடைப்பக்கார அம்மா. பின்பக்கம் லாரி சரக்கு இறக்குகிற சரிவில் பெரியவர் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி ஜோடியாக வைத்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் கடைக்குப் பேப்பர் கொண்டுவந்த லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா துடைப்பக் கட்டையால் லாரியை மடார் மடாரென்று அடித்து நிறுத்தியிருக்கிறாள். இடைவெளி இரண்டு முழம் இருந்திருக்கும்.

அப்பாவின் ஷூவைப் போட்டுவிட்டு மகள் மேசைக்கு வந்தாள். அழுதிருந்தாள், ஆனால் கேள்வி தெளிவாக இருந்தது.

“முதல் தடவை நீங்க சொன்னப்போ ஒருத்தரும் நகரல. ரெண்டாவது தடவை சொன்னதும் எல்லாரும் வந்து நின்னாங்க. ஏன்?”

மானேஜர் முந்திக்கொண்டார். “ஸ்பீக்கர் கோளாறு மேடம். முதல் தடவை சரியா கேக்கல.”

நல்ல பொய். ஒன்பது கடைக்காரர்களும் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டு கரையேறக் காத்திருந்தார்கள். மைக்கக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். அவளால் முடியவில்லை. அந்த இரண்டு முழம் கண்ணை விட்டுப் போகவில்லை.

“ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு மேடம். காலைலேர்ந்து நான் சொன்னது அத்தனையும் பொய். குடையும் இல்ல, காரும் இல்ல. கூட்டம் இருக்கற மாதிரி காட்டறதுக்காக ஏழு வருஷமா சொல்றேன். பொய்க்கு ஒரு ஆரம்பம் வெச்சிருக்கோம், நிஜத்துக்கு ஒரு ஆரம்பம். உங்க அப்பாவுக்குப் பொய்யோட ஆரம்பத்தைப் போட்டுட்டேன். அதான் யாரும் வரல. அவர்மேல கண்ணு வெச்சுக்கறேன்னு சொன்னதும் நான்தான். தப்பு என்னோடது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் பையெல்லாமும் காலிதான்” என்றாள்.

மானேஜர் முகத்தில் ஈயாடவில்லை. அந்தப் பெண் நோட்டை மூடிவிட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மூன்று வாரம் மைக்கக்காவுக்கு நரகம். மானேஜர் அவள் இருக்கும் பக்கமே திரும்பவில்லை. “ஊருக்கே பொய் சொன்னீங்க, அன்னிக்கு ஒரு நாள் அமைதியா இருந்திருக்கக் கூடாதாக்கா” என்று செருப்புக்கடைக்காரர் மனசு விட்டுக் கேட்டார். கணவரிடம் சொல்லி அழுதபோது அவர் நிதானமாக யோசித்தார். “நீ சொன்னது சரிதான். ஆனா அவங்க கையெழுத்து போட்டப்புறம் சொல்லியிருக்கலாம்” என்றார். அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

நாலாவது வாரம் அந்தப் பெண் முன்தகவல் இல்லாமல் தனியாக வந்தாள். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மேசைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எங்க அப்பா மாதிரி ஞாபகம் போனவங்களைப் பகல்ல பாத்துக்கற மையம் நடத்தறோம். இடம் தேடி நாலு கட்டடம் பார்த்தேன். எல்லாரும் எங்ககிட்ட கூட்டம் வரும், கூட்டம் வரும்னாங்க. எனக்குக் கூட்டம் எதுக்கு? அகலமான நடை, படி இல்லாத தரை, பின்பக்கச் சரிவுக்கு ஒரு கதவு போட்டுட்டா வண்டி வராத இடம், அது போதும். அப்புறம் ஒருத்தர் தொலைஞ்சா எல்லாரும் எழுந்து வரணும். அது வேற எங்கயும் இல்ல.”

மைக்கக்கா மைக் அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

“முதல்ல ஒரு வருஷத்துக்கு எடுக்கறோம். ஒண்ணு சொல்லணும். மேலேர்ந்து குரல் வந்தா இவங்க பயந்துடுவாங்க. யார் பேசறாங்கன்னே தெரியாம மிரண்டு ஓடுவாங்க. ஸ்பீக்கர் எல்லாத்தையும் கழட்டிடணும், ஆள் தொலைஞ்சா கடைக்குக் கடை போன்ல சொல்லிக்கலாம். நீங்க வாசல்ல இருக்கணும், எங்க ஆளா. ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ள அனுப்பணும். முடியுமா?”

ஒன்பது கடையும் பிழைக்கும். வேலையும் இருக்கும். போகிறது மைக் ஒன்றுதான். ஆனால் அந்த ஒன்று இல்லாமல் தான் யார் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் குரல் கூரையிலிருந்து இறங்கிவிட்டால், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற எத்தனையோ நடுவயதுப் பெண்களில் அவளும் ஒருத்தி. வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு “கழட்டச் சொல்லுங்க மேடம்” என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். மேல் தளங்கள் இன்னும் இருட்டுத்தான். கண்ணாடிக்கடைக்கு வியாபாரம் கூடியிருக்கிறது, செருப்புக்கடைக்குக் கொஞ்சம், ஜெராக்ஸ் கடை அப்படியேதான் இருக்கிறது. ஒரு வருஷம் முடிந்தால் என்ன ஆகும் என்று மானேஜருக்கே தெரியாது.

மையம் திறந்த அன்று பதினான்கு பேர் வந்தார்கள். பதின்மூன்று பேர் உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக வந்த ஒரு வயதான அம்மா மட்டும் மகன் எவ்வளவு சொல்லியும் வாசலைத் தாண்டாமல், கைப்பையை இறுகப் பிடித்தபடி உள்ளே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கடை திறந்துட்டாங்களா?” என்று கேட்டார்.

“திறந்தாச்சும்மா” என்று மைக்கக்கா இருந்த இடத்திலிருந்தே கணீரென்று சொன்னாள். அந்த அம்மா மிரண்டு, மகனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார்.

மைக்கக்கா எழுந்து அருகே போனாள். காதோரம் குனிந்து, முன்பு வீட்டில் தன் மகளுக்குச் சின்ன வயதில் காய்ச்சல் வந்தபோது பேசியதைப் போல, மெதுவாகச் சொன்னாள்.

“திறந்தாச்சு. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க.”

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். மத்தியானம்வரை கையை விடவில்லை.