தராசுக்கு வராத பிள்ளைகள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒரு வேலையிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டையில் ஓர் ஆய்வுக்கு ஆள் எடுத்தார்கள். அரசாங்கம் ஊற்றும் சத்துமாவுக் கஞ்சியால் பிள்ளைகளுக்கு எடை கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். செம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் குடிசைகள் என் பொறுப்பு. கொக்கியில் தொங்கவிடும் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பகலில் டீயும் பன்னும். அதுவும் சில நாள் இல்லை.

கஞ்சி குடித்த பிள்ளைகளும் குடிக்காத பிள்ளைகளும் ஒரே எடை என்று முடிவு வந்தது. கஞ்சி மையத்தை மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தது. அறிக்கை மேலே போகுமுன் சரிபார்க்க, ஒரு கல்லூரி ஆசிரியை வந்தார். என் படிவங்களை விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“வீட்டுக்கு மூணு பிள்ளைன்னு எழுதியிருக்கீங்க. எடை ஒண்ணுக்குத்தான் இருக்கு. மத்ததுங்க?”

“வெளிய போயிருந்துச்சுங்க, மேடம்.”

“எல்லா வீட்டுலயுமா?”

உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் கஞ்சி போகும். சொன்னேன்.

முதல் வீட்டிலேயே ஒருத்தி சிரித்தாள். “இன்னா சார், எம்புள்ள இன்னா ஆட்டுத் தொடையா, கொக்கில மாட்டி நிறுக்கறதுக்கு? கண்ணு பட்டுடும். இந்த நோஞ்சானை வேணா நிறுத்துக்கினு போ.” கொழுகொழுவென்று இருந்ததை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். நானும் வற்புறுத்தவில்லை, மாலைக்குள் இத்தனை படிவம் என்று கெடு இருந்தது.

ஆசிரியை திட்டவில்லை. “இதை ஏன் எழுதலை?”

“படிவத்துல அதுக்கு இடமில்ல, மேடம்.”

“ஓரத்துல எழுதியிருக்கலாமே.”

நானே கேட்டேன். “அப்போ கஞ்சி நல்லதுன்னு எழுதிடுங்களேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்? நோஞ்சானை மட்டும்தானே நிறுத்தீங்க. இந்த எடையை வெச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாது, வீணுன்னும் சொல்ல முடியாது.”

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மையத்தை மூடும் பேச்சு நின்றது. மறுபடி எடை எடுக்க உத்தரவானது. இந்த முறை வீட்டுக்குள்ளேயே, எண்ணை வாய்விட்டுச் சொல்லாமல் நிறுக்க வேண்டும் என்றார்கள். அதற்கு வேறு ஆட்களைப் போட்டார்கள். நான் தாம்பரத்தில் லாரிக்குச் செங்கல் ஏற்றப் போனேன். இரண்டாவது எடை என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது.