அத்தை மகளின் சைக்கிள்

"பஸ்ஸே போகாத ஊருல வாத்தியார் வேலைங்கிறே. பறந்து போவியாக்கும்?" என்று கேட்டார் அய்யா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவள் நான் ஒருத்திதான். ஆசிரியப் பயிற்சியும் முடித்திருந்தேன். முதுகுளத்தூரைத் தாண்டி உள்ளே, வண்டிப்பாதை மட்டும் இருக்கிற ஊரில் வேலை கிடைத்தது. சைக்கிளில் போவேன் என்றேன். "பள்ளிக்கூடம் திறக்கதுக்குள்ள ஓட்டிக் காட்டு. இல்லாட்டி வீட்டோட கிட" என்று முடித்துவிட்டார்.

ஓட்டிப் பழக மண்டபத்துக்கு அத்தை வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு அங்கே ரயில்வே வேலை. குடியிருப்பு முழுக்கத் தார்ரோடு, இரண்டு பக்கமும் வேம்பும் பூவரசும். எங்கள் பக்கம் நிழல் வேண்டுமென்றால் கருவேலமரத்தடியில் முள்ளைத் தள்ளிவிட்டு உட்கார வேண்டும். இறங்கியதுமே வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரி நர்ஸ் சைக்கிளில் போனார். எட்டாவதில் தோற்றுப் படிப்பை நிறுத்திய அத்தை மகளும் பின்னல் பறக்கப் போனாள்.

கேரியரில் என்னை மூட்டை மாதிரி வைத்து ஊர் சுற்றிக் காட்டினாள். கடற்கரையில் நிறுத்தி, "அங்கன பாரு மதினி, பாம்பன் பாலம்" என்றாள். நான் பெடலில் இருந்த அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரமே எனக்கு நிதானம் வந்துவிட்டது. ஆனால் வயதானவர் யார் எதிரே வந்தாலும் குதித்து இறங்கிவிடுவேன். எங்கள் ஊரில் ஆம்பளைகளே பெரியவர்களைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார்கள்.

"எதுக்கு மதினி இறங்குற?"

"பெரியவரு வாராருல்ல."

"அவரு மீன் வாங்கப் போறாரு. ஒன்னையப் பாக்கவா வாராரு?"

தொப்பி போட்ட அந்தப் பெரியவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ ஓட்டும்மா, நான் ஒதுங்கிக்கிறேன்" என்றார்.

இறங்கினால் யாராவது பிடிக்காமல் எனக்கு மறுபடி ஏற வராது. அவளோ மணியை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். அவள் ஓட்டுவதைவிட, இறங்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வராததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஊருக்குக் கிளம்பும்போது தன் சைக்கிளையே பஸ் மேலே ஏற்றி அனுப்பினாள். கொடுக்கிறவள் அவள், படித்துவிட்டு வாங்குகிறவள் நான். அதுவும் உறுத்தியது. வேண்டாம் என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை அய்யா பார்க்க, வீட்டுத் திண்ணையில் காலை ஊன்றி ஏறி உட்கார்ந்தேன். சாவடியில் பெரியப்பாமார் உட்கார்ந்திருந்தார்கள். கால் தானாகத் தரையைத் தேடியது. இங்கே இறங்கினால் பிடித்து ஏற்றிவிட ஆள் கிடையாது. தலையை மட்டும் குனிந்துகொண்டு மிதித்தேன்.

"ஏலே தம்பி, ஒம் மக நம்மளக் கண்டு இறங்கலயே!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அய்யா என்ன சொன்னாரோ தெரியாது. அதற்குள் வண்டிப்பாதைக்கு வந்துவிட்டேன். அப்படியே வேலை கிடைத்த ஊர் வரை போய், பள்ளிக்கூடம் திறக்கிற அன்றைக்கே வந்து சேர்கிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டேன்.