புங்கமரத்தடியில் ஒரு மணி நேரம்

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரரோடு நான் பேசியதெல்லாம் அவர் வேலை பார்த்த தோல் ஷாப் வாசலில்தான். தோல் பதனிடுகிற ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். சொன்னால் சிரிப்பீர்கள். திண்டுக்கல்லில் எங்களுக்கு ஒரே அறையும் தாழ்வாரமுமாக ஒரு வீடு. அதற்குள் மாமனார், மாமியார், இரண்டு கொழுந்தன்மார், ஒரு நாத்தனார், நாங்கள். நாலு பேர் முன்னால் புருஷனோடு பேசுகிறவளுக்கு அந்த வீட்டில் நல்ல பெயர் கிடையாது. "குடிக்கத் தண்ணி வேணும்" என்று அவர் சுவரைப் பார்த்துச் சொல்வார். நானும் சுவருக்குக் கொடுப்பதைப்போலச் செம்பை வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தோல் ஷாப்பில் சங்கு ஊதும். ஒரு மணி நேரம் சாப்பாட்டு வேளை. பெண்டுகள் வீட்டிலிருந்து சோறு சுமந்து நடந்து வரவேண்டும் என்பதற்காக விட்ட நேரம் அது. கேட்டுக்கு வெளியே நின்ற புங்கமரத்தடியில் சோடி சோடியாக உட்காருவோம். தோல் நாற்றம் குடலைப் பிடுங்கும். பத்து நாளில் அதுவும் பழகிப்போனது. அவருக்குத் தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புக் குழியில் வேலை. விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். குழம்பில் கை வைத்தால் காந்தும். அதனால் கம்பஞ்சோற்றை நானே பிசைந்து உருட்டி அவர் வாயில் கொடுப்பேன். அங்கே அதை யாரும் கேலி செய்ததில்லை. பாதிப் பெண்கள் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு உருண்டைக்கும் அடுத்த உருண்டைக்கும் நடுவில் பேச்சு. குழியில் வழுக்கியது, சின்ன வயதில் சித்தையன்கோட்டை வாய்க்காலில் நீந்தியது, முதலாளியைப்போல நடந்து காட்டுவது என்று எல்லாம் வரும். மனிதருக்கு இவ்வளவு சிரிப்பு வரும் என்று வீட்டிலேயே இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. எனக்குத் தாலி ஏறியது தாடிக்கொம்பில். அவரோடு குடும்பம் நடத்தியது அந்த மரத்தடியில்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கேட்டுக்கு எதிரே கீற்றுக் கொட்டகை போட்டு ஒருவர் புரோட்டாக் கடை வைத்தார். வெந்த புரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி, மேலே சால்னாவை ஊற்றி நீட்டுவார். உட்கார்ந்தவுடன் சாப்பாடு. நான் அப்போது ஏழு மாதம்.

"இனிமே வெயில்ல நடக்காத புள்ள. பிள்ளை பொறக்குற மட்டும் நான் ரெண்டு புரோட்டாவத் தின்னுக்கிறேன்" என்றார் அவர்.

"சால்னா காந்துமே?"

"காந்துனா காந்திட்டுப் போகுது. காலு எம்புட்டு வீங்கியிருக்கு பாரு."

எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லமாட்டேன். என்னைப்போலவே மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக நின்றார்கள்; ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருத்திக்குக் களையெடுப்பு. நாளாக ஆக மரத்தடி காலியானது. மேஸ்திரி இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். "கால் மணியில தின்னுட்டுப் பீடி குடிச்சுக்கிட்டு இருக்கானுக, இவனுகளுக்கு எதுக்கு ஒரு மணி நேரம்?" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். அடுத்த மாதம், வேலைக்குத் திரும்பக் கூப்பிடுகிற இரண்டாவது சங்கு பன்னிரண்டு இருபதுக்கே ஊதியது. யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால் குழிக்கு வேறு ஆள் வந்துவிடுவான்.

பிள்ளை பெற்றுத் தாய்வீட்டிலிருந்து திரும்பியதும் கைக்குழந்தையும் தூக்குவாளியுமாகப் போனேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். பிள்ளையை வாங்கவேண்டும் என்று அவர் சுண்ணாம்பு போகத் தேய்த்துத் தேய்த்துக் கை கழுவினார். பாதி நேரம் அதிலேயே போயிற்று. மூன்றாவது உருண்டைக்குச் சங்கு ஊதிவிட்டது. பிள்ளையின் பாதத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, "நாளைக்குச் சோறு கொண்டாராத" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே புரோட்டாக்காரரிடம் போய், "எல்லாம் உங்க கடையால வந்தது" என்று கத்தினேன்.

"நான் என்னத்தா செஞ்சேன்? பசின்னு வர்றவனுக்குச் சட்டுனு போடுறேன். அது ஒரு குத்தமா?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கு மேல் யாரோடு சண்டை போடுவது?

வீட்டில், "கடைத்தீனி வயித்துக்கு ஆகாது அத்தை, நான் கொண்டுபோறேன்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"அவனே வயித்து வலின்னு சொல்லல. சுமக்குற வேலை மிச்சம்னு இருப்பியா" என்றார் மாமியார். உங்கள் மகனோடு பேசவேண்டும் என்று அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவர் வாழையிலைப் பொட்டலத்தோடு வந்து, அதைத் தன் அம்மாவிடம் கொடுத்தார். எல்லோரும் தின்று கடைசியில் எனக்கும் பாதிப் புரோட்டா வந்தது. நாள் தவறாமல் நான் சபித்த பண்டம். ருசியாகத்தான் இருந்தது, என்ன செய்ய?

அவர் காந்துகிற விரல்களைத் தண்ணீர்ச் சட்டியில் விட்டபடி சுவரைப் பார்த்துக் கேட்டார். "நல்லா இருக்கா?"

"நல்லா இருக்கு" என்றேன், சுவரைப் பார்த்து.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பேசியது அவ்வளவுதான்.