வெயில் நுழையாத கடை

அக்காவின் கல்யாணச் சேலையில் கருப்பு மட்டும் இருக்கக் கூடாது. மாப்பிள்ளையின் தாயார் சொல்லியனுப்பியது அது ஒன்றுதான். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

ரப்பர்த் தோட்டத்துக் கடையிலேயே அம்மா எதையும் நம்பியவளில்லை. அது ஜன்னலில்லாத பலகை அறை. குறுக்கே ஒரு மேசை. சாமான்கள் எல்லாம் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால், இருட்டில். ஒரு கை அரிசியை வாங்கி வாசலுக்கு வந்து, வெயிலில் கல் பார்த்த பிறகுதான் பையை நீட்டுவாள்.

எண்பதுகளில் ஈப்போவில் எழும்பிய புதுக் கம்ப்ளெக்ஸுக்கு அவளோடு போனேன். நகரும் படி, குளிர்காற்று, கூரை முழுக்கக் குழல் விளக்கு. திரும்பிய பக்கமெல்லாம் கண்ணாடி. எந்தக் கண்ணாடியிலும் வானம் இல்லை. வெளியே மழையா வெயிலா, தெரியாது. கடை கட்டுகிறவன் முதலில் வெளிச்சத்தைத்தான் பதுக்குகிறான் என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

இரண்டாம் மாடியில் அம்மா ஓர் அரக்குப் பட்டுச் சேலையை விரித்தாள். கரை இருண்டிருந்தது.

"இது கருப்பா, கரும்பச்சையா?"

"பச்சைதான்கா," என்றாள் சேலை காட்டிய பெண்.

"வாசல்ல வச்சுப் பாத்துட்டு வாரேன்."

"பணம் கட்டாம முடியாதுலா. கீழ காவலுக்கு நிக்கிற ஜாகா பிடிச்சிருவாரு."

"கட்டிட்டுப் போயி கருப்புன்னு தெரிஞ்சா?"

"மாத்திக் குடுக்க மாட்டாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "ஜன்னல் வைக்க மறந்துட்டானுங்கன்னா நெனைக்கிற?"

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்தாள். பெட்டிகளுக்கு நடுவே எங்களைப் பின்படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், இரும்புக் கதவைத் தோளால் தள்ளினாள். ஒரு கீற்று வெயில் கரையில் விழுந்தது.

கருப்பு. அடுப்புக்கரிக் கருப்பு.

எங்களைவிட அதிக நேரம் அவள்தான் குனிந்து பார்த்தாள். "தினம் விரிச்சுக் காட்டுறேன்கா. இப்பதான் பாக்குறேன்."

பழைய கடைத்தெருவுக்கு நடந்தோம். அங்கே மேல்மாடி கவிந்த நடைபாதைக்கு, ஐந்தடி என்று ஊரில் சொல்லும் இடத்துக்கு, கடைக்காரரே ஒரு சேலையை எடுத்து வந்து விரித்தார். கேட்காமலே விரித்தது அம்மா சந்தேகப்படப் போதாதா? அண்ணாந்து பார்த்தாள்.

"எதுக்குண்ணே இந்தச் செவப்புப் படுதா?"

"வெயிலுக்குத்தான் தங்கச்சி."

"அதான பாத்தேன்."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டாள். மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்து ஒதுங்கின. கரையைக் கண்ணருகே வைத்தாள், புரட்டினாள், மறுபடி புரட்டினாள்.

"பச்சை," என்றாள் கடைசியாக.

அதுவரைக்கும் சேலையின் மறுமுனையைக் கடைக்காரர் விடவே இல்லை.